வெண்கலத் தட்டுக்கு நாடி பிடித்தவர்கள்

கச்சேரிகளில் மைக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் புகாராகத்தான் இருக்கும். பாடகர் கையை உயர்த்தி மானிட்டரை ஏற்றச் சொல்வார். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி இரைகிறது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பார். தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போனவர்களிடையே, மைக் இல்லாத காலத்தில் யார் எப்படிப் பாடினார்கள் என்ற பேச்சு தவறாமல் எழும். இத்தனை பேச்சிலும் மைக்குக்கு நாம் தரும் இடம் ஒரு வேலையாளின் இடமே. உள்ளே போகும் ஓசையைக் கூட்டிக்குறைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியது அதன் கடமை. அந்த வேலையாளே வாத்தியமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1964-இல் ஜெர்மனியில் உருவான ஒரு படைப்பு விடை சொல்கிறது. இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ட்ஸ் ஸ்டாக்ஹவுசனின் 'மிக்ரோஃபோனி 1' என்ற அந்தப் படைப்பைச் சில மாதங்களாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டுத் தாம்பாளம் ஒன்றும் படாத பாடு பட்டிருக்கிறது.

படைப்பின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு டாம்-டாம். பெயரைக் கேட்டதும் தண்டோரா நினைவுக்கு வரும். ஆனால் இது தோற்கருவி அன்று. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் பின்வரிசையில் சட்டத்தில் தொங்கும் பெரிய உலோகத் தட்டு. நம் கோயில்களிலும் சாவு வீடுகளிலும் ஒலிக்கும் சேகண்டியின் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் சேகண்டியில் ஒரு சுரம் தெளிவாகக் காதில் நிற்கும்; டாம்-டாமில் எந்தச் சுரமும் நிற்காது. ஸ்டாக்ஹவுசன் பயன்படுத்தியது 155 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது, அதாவது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். 'மொமென்டே' என்ற வேறொரு படைப்புக்காக வாங்கிய அதை அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு நாள் கண்ணாடி, அட்டை, உலோகம், மரம், ரப்பர், பிளாஸ்டிக் என்று வீட்டில் கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் எடுத்துவந்து அதைத் தட்டியும் தேய்த்தும் சுரண்டியும் பார்த்தார். ஒரு கையில் மைக். மைக்கிலிருந்து போன கம்பி வீட்டுக்குள் இருந்த மின்னணு வடிகட்டிக்குப் போனது. அங்கே யாப் ஸ்பெக் என்ற ஒலிநுட்ப உதவியாளர், தோட்டத்தில் நடப்பது எதையும் கணக்கில் கொள்ளாமல், தம் போக்கில் வடிகட்டியையும் ஒலியளவையும் மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் டேப்பில் பதிவு செய்தார்கள். பதிவைக் கேட்ட பிறகு, வைத்தியர் உடம்பின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்ப்பதைப்போல மைக்கைக் கையாண்டதாக ஸ்டாக்ஹவுசன் விவரித்திருக்கிறார். நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் ஊசி போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த மைக்குக்கும் சபா மைக்குக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது வெறும் உவமை அன்று. பௌதிகமும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பெரிய உலோகத் தட்டை மெல்லத் தட்டும்போது அதன் பரப்பு முழுவதும் ஒரே சீராக முன்னும் பின்னும் அசைவதில்லை. பரப்பின் ஒரு பகுதி முன்னால் வரும்போது பக்கத்துப் பகுதி பின்னால் போகிறது. அப்படி எதிரெதிராக அசையும் பகுதிகள் நெருக்கமாக அமைந்துவிட்டால், ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. அந்த அதிர்வு தட்டில் உயிரோடு இருக்கும். ஆனால் சில சென்டிமீட்டர் தள்ளிப் போவதற்குள் ஓய்ந்துவிடும். அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் அது எட்டாது. பலமாக அடித்தால் வேறொன்று நடக்கிறது: முதலில் எழும் ஆழ்ந்த ஒலியின் ஆற்றல் சிறிது நேரத்தில் உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஏறி, அடித்து முடித்த பிறகே தட்டு சீறத் தொடங்குகிறது. டாம்-டாமை எல்லோரும் அறிந்திருப்பது இந்தச் சீற்றத்தால்தான். ஸ்டாக்ஹவுசன் தேடிப் போனது அதற்கு நேரெதிரான, பரப்பை ஒட்டியே பிறந்து பரப்பை ஒட்டியே மடியும் ஓசைகளை. அவை முன்பே அங்கே இருந்தவை. ஆனால் 'மிக்ரோஃபோனி'க்கு முன்பு அவற்றை ஓர் அரங்கம் கேட்டதில்லை.

1964 டிசம்பர் 9-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸில் அரங்கேறிய இதற்கு ஆறு பேர் வேண்டும். தட்டின் இரு பக்கமும் இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் மூவர். முதலாமவர் பொருள்களால் தட்டிலிருந்து ஒலி எழுப்புகிறார். இரண்டாமவர் மைக்கைக் கையில் பிடித்து அந்த ஒலியைத் தேடி நகர்த்துகிறார். மூன்றாமவர் அரங்கின் நடுவே, பார்வையாளர்களோடு அமர்ந்து, வடிகட்டியையும் ஒலியளவையும் இயக்குகிறார். வடிகட்டியாகப் பயன்பட்ட மைஹாக் டபிள்யூ 49 இசைக்காகச் செய்யப்பட்ட கருவி அன்று, வானொலி நாடகங்களில் தொலைபேசிக் குரல் போன்றவற்றை உண்டாக்கப் பயன்பட்டது. கீழே எந்த அதிர்வெண்வரை வெட்டுவது, மேலே எதிலிருந்து வெட்டுவது என்று படிப்படியாக நகரும் இரண்டு கட்டைகள் அதில் உண்டு. இரண்டையும் நெருக்கிவிட்டால், குழம்பாக வரும் உலோக ஓசையிலிருந்து ஒரு மெல்லிய கீற்று மட்டும் வெளியே வரும். கட்டையை நகர்த்த நகர்த்த அந்தக் கீற்று கிட்டத்தட்ட ஒரு சுரம்போல ஏறியிறங்கும். சுரமே இல்லாத தட்டிலிருந்து சுரம் வருவது இப்படித்தான்.

இந்த மூவரில் யார் வாசிக்கிறார் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் போவதுதான் இந்தப் படைப்பில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம். தட்டுபவர் ஒரே மாதிரி தேய்த்துக்கொண்டிருக்க, மைக் பிடிப்பவர் பரப்பை ஒட்டி வந்து திடீரென விலகினால், கேட்பவருக்குத் தாளம் பிறக்கிறது. அந்தத் தாளத்தைத் தட்டுபவர் அறியவே மாட்டார். பரப்பிலிருந்து மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், ஒலி எழும் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு தூரங்களையும் ஸ்டாக்ஹவுசன் தனித்தனியே குறித்திருக்கிறார். மைக் பிடித்தவர்களுள் ஒருவர் வயோலாக் கலைஞரான யொஹானஸ் ஃப்ரிட்ஷ்; தட்டைச் சுரண்டியவர்களுள் ஒருவர் பேர்பெற்ற பியானோக் கலைஞரான அலோய்ஸ் கோன்டார்ஸ்கி. இருவரும் தம் வாத்தியங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற நுண்மையை இங்கே ஒரு மைக்குக்கும் ஓர் அட்டைப் பெட்டிக்கும் செலவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணும்போது சிலருக்கு வருத்தம் வரலாம். பதிவைக் கேட்டால் அந்த உழைப்பு வீணாகவில்லை என்று தெரியும். பழகாத கை தேய்த்தால் வருவது இரைச்சல். இவர்கள் தேய்க்கும்போது ஒவ்வோர் ஓசைக்கும் தொடக்கமும் நடுவும் முடிவும் இருக்கின்றன.

இதை எப்படி எழுதி வைப்பது? மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோட்டில் இதற்கு இடமில்லை. பொருள்களின் பெயரை மட்டும் எழுதினால், அடுத்த ஊரில் அடுத்த தட்டில் அதே ஓசை வரும் என்ற உறுதி இல்லை. ஆகவே அவர் ஓசையைச் சுட்டும் சொற்களை எழுதினார்: முனகுவது, குரைப்பது, கரைவது என்று ஜெர்மன் மொழியில் காதுக்கே புரியும் சொற்கள். 'முனக' வேண்டும் என்று குறித்திருந்தால் எந்தப் பொருளால் முனகவைப்பது என்பதை வாசிப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 33 பகுதிகள். அவற்றை எந்த வரிசையில் வாசிப்பது என்பதைக் குழுவே முன்கூட்டி அமைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் பகுதி முந்தையதை ஒத்திருக்க வேண்டுமா, மாறுபட வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா; அதைத் தாங்க வேண்டுமா, அழிக்க வேண்டுமா என்ற உறவுகள் மட்டும் வரைபடமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த உறவுகளைக் கேட்டு அறிய முடிகிறதா என்றால், பத்துப் பதினைந்து முறை கேட்ட பிறகும் எனக்கு எல்லா இடத்திலும் முடியவில்லை. ஆனால் சொற்களால் எழுதிய அந்த முறையைப் பார்த்தபோது, இரட்டைக்கிளவிகளை இவ்வளவு வைத்திருக்கும் ஒரு மொழிக்காரனாக எனக்குச் சிறிது பொறாமை ஏற்பட்டது. நறநற, சலசல, கரகர, மொறுமொறு, கணகண என்று நம்மிடம் கிடக்கும் கிடங்கை வைத்து இப்படி ஒரு குறிப்பேடு எழுதினால் அகராதிக்கே வேலை இருக்காது.

வாத்தியத்தோடு வேற்றுப் பொருள்களைச் சேர்ப்பது என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. அப்படிச் சுளிப்பவர்களிடம் நான் மிருதங்கத்தைக் காட்டுவேன். அதன் வலப்பக்கமான வலந்தலையில் தோலுக்கும் தோலுக்கும் இடையே ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், பொடிக் கற்களைச் செருகினால் கப்பி மிருதங்கம்; கச்சேரிக்கு முன்பு தொப்பியில் பிசைந்த ரவையை அப்புவார்கள். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவா என்ற நூலிழையை நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தினால்தான் ஜீவா பேசும். அது பேசினால்தான் யாரும் மீட்டாத காந்தாரம் மேலே மிதந்து வரும். நூலும் ரவையும் கல்லும் நம் வாத்தியங்களின் உள்ளேதான் இருக்கின்றன. நாம் அவற்றைச் சுருதி கூட்டுவதற்காக வைக்கிறோம். அமெரிக்க இசையமைப்பாளரான ஜான் கேஜ் சுருதியைக் கலைப்பதற்காக வைத்தார்.

கேஜின் கதை சுருக்கமானது, வேடிக்கையானதும்கூட. 1940 வாக்கில் சியாட்டிலில் கார்னிஷ் பள்ளியில் சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்காக அவர் இசையமைக்க வேண்டியிருந்தது. தாளக்கருவிக் குழு ஒன்றை வைக்க நினைத்தார். மேடையில் ஒரு பியானோவுக்கு மட்டுமே இடமிருந்தது. பியானோவைத் திறந்து தந்திகளின் மேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தார். ஓசை பிடித்திருந்தது, ஆனால் தட்டு துள்ளியது. ஆணியை வைத்தார், நழுவி விழுந்தது. மரையுள்ள திருகாணியைத் தந்திகளுக்கிடையே செருகியபோது அது நின்றுகொண்டது. பின்னர் 1946 முதல் 1948 வரை எழுதிய 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்ற தொகுப்பில் 45 சுரங்களுக்குத் திருகாணி, மரை, ரப்பர் துண்டு எனப் பொருள்கள் வைக்கப்படுகின்றன. தந்தியில் எந்த இடத்தில் வைப்பது என்பதை அங்குலக் கணக்கில் அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார். இங்கே மின்சாரம் இல்லை. அது 1960-இல் அவருடைய 'கார்ட்ரிட்ஜ் மியூசிக்'கில் வருகிறது. கிராமஃபோன் முள் இருக்க வேண்டிய துளையில் பல்குத்தும் குச்சி, தீக்குச்சி, இறகு, கம்பித் துண்டு ஆகியவற்றைச் செருகி அவற்றை வருடினால், அந்தச் சிறு வருடல் ஸ்பீக்கரில் இடியாக இறங்கும். இதைக் கேஜுடன் வாசித்துவந்த பியானோக் கலைஞர் டேவிட் ட்யூடர்தான் 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னணுவால் ஒலி உண்டாக்கும் மூக் சின்தசைசர் கொண்ட ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தார் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

'மிக்ரோஃபோனி'யின் நேரடி வாரிசு என்று நான் கருதுவது ஓர் ஆங்கிலேயரை. ஹ்யூ டேவிஸ் 1964 முதல் 1966 வரை ஸ்டாக்ஹவுசனின் உதவியாளராக இருந்தார். அந்தக் குழுவில் வடிகட்டியை இயக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஊர் திரும்பியபோது அவரிடம் அவ்வளவு பெரிய தட்டும் இல்லை, வானொலி நிலையத்துக் கருவிகளும் இல்லை. 1968-இல் பழைய கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் உள்தாள்களை எடுத்துவிட்டு, அட்டைக்குள் ரம்பத் தகடு, ஸ்பிரிங், பால் பேரிங் ஆகியவற்றைப் பொருத்தி, தொடு மைக்குகளை ஒட்டி, விரல்களால் வாசித்தார். கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதி 'ஷோ'வில் தொடங்கி 'ஜிக்'கில் முடிந்ததால் முதுகில் அச்சிட்டிருந்த எழுத்துகளே வாத்தியத்தின் பெயராயின: ஷோஜிக். ஓர் ஆள் உயரத் தட்டில் தொடங்கிய வேலை ஒரு புத்தக அட்டைக்குள் அடங்கியதற்குக் காரணம் வறுமை மட்டும் இல்லை. நாடி பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பெரிய உடம்பு தேவைப்படுவதில்லை.

பின்வந்த காலத்தில் கணினி மலிந்தது. வாத்தியத்தின் ஒலியை மடிக்கணினி வழியாக அனுப்பித் திருப்பிக் கேட்பது எளிதாயிற்று. அப்படி வரும் படைப்புகளில் பல எனக்குச் சலிப்பூட்டுகின்றன. வயலினுக்குப் பின்னால் எதிரொலிப் புகை போடுவதோடு அவற்றின் மின்னணு வேலை முடிந்துவிடுகிறது. புகையை எடுத்துவிட்டாலும் வயலின்காரர் அதே வாசிப்பைத்தான் வாசிப்பார். நல்ல படைப்பில் மின்னணுவால் வாசிப்பே மாற வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோ 1985-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி எழுதிய 'ஆ பியர்' அதற்கு எடுத்துக்காட்டு. மிகத் தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் புல்லாங்குழல் ஒன்று, அதற்கு இணையான கிளாரினெட் ஒன்று. இருவரும் ஊதியது 12 விநாடிக்குப் பிறகும் 24 விநாடிக்குப் பிறகும் ஸ்பீக்கர்களில் திரும்பி வருகிறது. 24 விநாடி என்பது நினைவில் வைத்துக்கொள்ள நீளம், மறந்துபோகக் குறைவு. முன்பு தாம் விட்ட மூச்சு எங்கே திரும்பி வரும் என்று அறிந்திருப்பதால், அதற்கு இடம்விட்டே இந்த நிமிடத்தின் மூச்சை ஊத வேண்டியிருக்கிறது. காற்றா சுரமா என்று பிரிக்க முடியாத அந்த ஓசையில் நேரடியாக ஊதியது எது, திரும்பி வந்தது எது என்று சிறிது நேரத்தில் தெரியாமல் போய்விடும்.

இனித் தாம்பாளத்துக்கு வருகிறேன். படித்தும் கேட்டும் திருப்தி அடையாமல், சென்னை ரிச்சி தெருவில் 27 மில்லிமீட்டர் பீசோ வில்லைகள் நான்கு வாங்கி வந்தேன். அலாரங்களில் கீச்சிடும் அதே வில்லைதான்; மின்சாரம் கொடுத்தால் நடுங்கும், நடுங்கவைத்தால் மின்சாரம் கொடுக்கும். வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு அம்மா வைத்திருக்கும் பித்தளைத் தாம்பாளத்தைப் பருத்திக் கயிற்றில் கட்டிப் பால்கனித் துணிக்கொடியில் தொங்கவிட்டு, வில்லையை அதன் முதுகில் செல்லோடேப்பால் ஒட்டி, மடிக்கணினியில் செருகினேன். தகர டப்பாவுக்குள் கொசு ஒலிப்பதுபோல் வந்தது. இரண்டு நாள் வில்லையைத் திட்டிய பிறகுதான் பிழை என்னுடையது என்று புரிந்தது. வில்லை ஒரு சிறிய மின்தேக்கிபோல நடந்துகொள்கிறது. மடிக்கணினியின் மைக் துளை சில கிலோ ஓம் தடையே தருவதால், அடிநாத அதிர்வெண்களெல்லாம் வழியிலேயே ஒழுகிப்போய்விடுகின்றன. 20 நானோ ஃபாரட் வில்லையைப் பத்து கிலோ ஓமில் செருகினால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும்; ஒரு மெகா ஓமில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இடையே ஒரு டிரான்சிஸ்டர் வைத்த சிறு சுற்றைப் பற்றவைத்துச் சேர்த்தபோது தாம்பாளத்துக்கு வயிறு வந்தது.

ஆனால் ஒட்டிய வில்லைக்குத் தூரம் தெரியாது. உலோகத்தின் உள்நடுக்கத்தை மட்டுமே அது சொல்லும். அருகே வருவதும் விலகுவதும் அதற்கு இல்லை. 'மிக்ரோஃபோனி'யின் உயிர் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், காலர் மைக் ஒன்றை மரக்கரண்டியின் நுனியில் கட்டி, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, இடது கையில் கரண்டியும் வலது கையில் சீப்புமாக நின்றேன். சீப்பின் பல்லால் விளிம்பை வருடினால், பத்து சென்டிமீட்டர் தள்ளி வெறும் சுரண்டலாகக் கேட்பது, ஒரு சென்டிமீட்டருக்குள் வந்ததும் தவளைக் கூட்டமாகிறது. ஈர விரலை நடுவில் வைத்து இழுத்தால் முதலில் ஒன்றுமில்லை. பிறகு தட்டு ஒரு மூச்சு முனகி, விரல் வழுக்கியதும் விட்டுவிடுகிறது. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் வாய் விளிம்பைத் தாம்பாளத்தின் மேல் லேசாகத் தொடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. இவற்றில் எதைச் செய்தாலும் வலது கையைவிட இடது கைதான் முதலில் களைத்தது. அது வாசிக்கிறது என்பதை முதுகும் தோளும் எனக்கு அறிவித்தன.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா சொன்னாள்: "தாம்பாளத்தத் தேச்சா பளபளக்கணும்டா. நீ தேச்சா அழுவுதே!"

வியாழக்கிழமை மாலை கயிற்றை அவிழ்த்துத் தாம்பாளத்தைக் கொண்டுபோய்விட்டாள். வில்லையைப் பிய்க்க மறந்திருந்தேன், கம்பியும் நீளமாகவே இருந்தது, பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. புளியும் தேங்காய் நாரும் வைத்து அவள் தேய்த்த ஓசை நாற்பது விநாடிக்குக் கிடைத்தது. பிறகு வில்லையில் தண்ணீர் பட்டு எல்லாம் அடங்கிவிட்டது. அகன்ற வட்டமாகத் தொடங்கி, சிறு சிறு வட்டங்களாகக் குறுகி, ஓரிடத்தில் மட்டும் மூன்று முறை நறுக்கென்று தடுக்கி, மறுபடி அகலமாகப் போகிறது அந்த நாற்பது விநாடி. நான் ஒரு வாரம் முயன்று பிடித்தவற்றில் எதுவும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. இரவில் ஹெட்ஃபோனை அம்மாவின் காதில் மாட்டி, இது என்னவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தடுக்கிய இடம் வந்ததும் விரலை உயர்த்தினாள்.

"இங்கதான் சொட்ட. உங்க அத்த கல்யாணத்துல கீழ போட்டது."